பலகையில் ஒட்டாத வரி

மாத்தளைக்கு நான் ஆசிரியராக வந்த இரண்டாம் வாரம், பள்ளிக்கூட அதிபர் என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டு வர்த்தமானிகளை மேசையில் வைத்தார். வேலை வெற்றிடங்களும் பயிற்சிக் கல்லூரி அறிவித்தல்களும் வருகிற அரசாங்கப் பத்திரிகை அது. வெள்ளிக்கிழமை கொழும்பில் வெளியாகி, செவ்வாய்க்கிழமை தபாலில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரும். கட்டின் மேல் தூசி படிந்திருந்தது. பாதிக்கு மேல் பிரிக்கப்படவேயில்லை.

"நீங்க பேப்பர்ல இருந்தவர்தானே, மாஸ்டர். இத வாசிக்கிற ஆள் இங்க யாருமில்ல. என்ன பாடம் எடுத்தா என்ன வேலைன்னு பிள்ளைங்களுக்கு ஒரு வழி காட்டுங்க. மேல் வகுப்பு விறாந்தையில ஒரு பலகை அடிச்சித் தாறேன்."

நான் பேப்பரில் இருந்தது உண்மைதான். கொழும்பில் ஒரு தமிழ்த் தினசரியில் பதினொரு வருடம் துணை ஆசிரியராக இருந்தேன். செய்தி எழுதுவது என் வேலை அல்ல. வந்த செய்தியை இடத்துக்கு ஏற்ப வெட்டுவது என் வேலை. கீழிருந்து வெட்ட வேண்டும். முக்கியமானது மேலே இருக்கும். இடம் போதாவிட்டால் கடைசிப் பந்தியை எடுத்துவிடலாம். அப்போதும் போதாவிட்டால் அதற்கு முந்தியதை. யோசிக்காமலே கை அதைச் செய்யும். பத்திரிகை நின்ற பிறகு ஆசிரிய நியமனம் கிடைத்தது. மட்டக்களப்பில் பிறந்த எனக்கு மலைநாட்டில் ஒருவரையும் தெரியாது.

கடைவீதியில் ஒரு மிளகு வியாபாரியின் கடைக்கு மேலே அறை எடுத்தேன். கராம்பு வாசம் சட்டைகளில் ஏறிவிட்டது. மூன்றாம் மாதம் வியாபாரி படியேறி வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"மாஸ்டர், ஒத்த ஆளுக்கு ரெண்டு கதிரை எதுக்கு? உங்களத் தேடி ஒருத்தரும் வாறல்லயே. ஒண்டக் கீழ தாங்களேன், ஏவாரிமார் நிண்டுக்கிட்டே பேசுறாங்க."

அவர் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. நானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

பலகை நான்கடி அகலம், மூன்றடி உயரம். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டபின் வர்த்தமானியை அறைக்கு எடுத்துப் போவேன். தபால் கந்தோர், ரயில்வே, ஆசிரியர் பயிற்சி, தாதிப் பயிற்சி, நில அளவை என்று ஒவ்வொன்றாக வாசித்து, எங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்துவதை வெட்டுவேன். ஒரு அறிவித்தல் அரைப் பக்கம் இருக்கும். முழுதாக ஒட்டினால் பலகையில் நான்குக்கு மேல் பிடிக்காது. கீழே சம்பளத்திட்ட விவரம், விண்ணப்பம் அனுப்பும் விதம், "இப்பகுதியின் முதற் பக்கத்திலுள்ள பொது நிபந்தனைகளையும் பார்க்க" என்ற ஒரு வரி. அவ்வளவையும் வெட்டினால் பன்னிரண்டு பிடிக்கும். நான் பன்னிரண்டு ஒட்டினேன். தேவையான பாடங்களின் கீழ் நீலப் பென்சிலால் கோடு போட்டேன்.

புதன்கிழமை காலையில் பலகைக்கு முன்னால் கூட்டம் சேரும்.

"டேய், ரயில்வே கார்ட் வேலைக்குக் கண் பார்வை நல்லா இருக்கணுமாம். உனக்கு டீச்சர் எழுதுறதே தெரியாதே!"

"தெரியாம இல்லடா, தெரிஞ்சா எழுதணுமே."

இடைவேளையில் என் மேசைக்கு வருவார்கள். கணக்கு விட்டுவிட்டு வர்த்தகம் எடுக்கலாமா, சிங்களம் கட்டாயமா, தட்டச்சு எங்கே படிப்பது என்று கேட்பார்கள். அந்த அரை மணித்தியாலத்தில்தான் என்னிடம் யாராவது ஏதாவது கேட்டார்கள். மணி அடித்தால் போய்விடுவார்கள். நான் தினமும் இடைவேளை மணிக்காகக் காத்திருக்கவில்லை என்று எழுதினால் அது பொய்.

நான் இங்கே சொல்ல வந்த பிள்ளை முதல் தடவை என் மேசைக்கு வந்தபோது எட்டாம் வகுப்பை முடித்திருந்தாள். தோட்டத்துப் பிள்ளைகள் பலரைப் போலப் பிந்திப் பள்ளிக்கூடம் சேர்ந்தவள், வயது பதினாறு. யட்டவத்த பஸ் போகும் பாதையில் இறங்கி இரண்டு கட்டை தூரம், அதாவது இரண்டு மைல், மேலே நடந்தால் வருகிற றப்பர் தோட்டத்தில் அவள் குடும்பம் இருந்தது. அப்பா பால் வெட்டுகிறவர். பாடத்தெரிவுப் படிவத்தை எழுதாமல் கையில் வைத்திருந்தாள்.

"சேர், தோட்டத்து டிஸ்பென்சரியில மருந்து குடுக்கிறவருக்கு ஒரு உதவியாள் வேணுமாம். என்னையக் கேட்டாங்க. புண் கழுவணும், கட்டுப் போடணும், பேர் எழுதணும். மாசச் சம்பளம். அப்பா போகச் சொல்றாரு."

"நீ என்ன சொல்றாய்?"

"பலகையில நர்ஸ் இருக்கே, சேர்."

அவளைக் கூட்டிக்கொண்டு பலகைக்குப் போனேன். சாதாரண தரப் பரீட்சையில் கணிதமும் விஞ்ஞானமும் சித்தி, மணமாகாதவர், உயரம் நான்கடி பத்து அங்குலத்துக்குக் குறையாதிருத்தல். நீலக் கோடுகளை விரலால் தொட்டு வாசித்தாள். உயரம் தெரியாது என்றாள். அங்கேயே சுவரோடு நிறுத்தி, தலைக்கு மேல் அடிமட்டத்தை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு அளந்தேன். நான்கடி பதினொன்று. பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"ஒரு அங்குலம் மிச்சம்டி, எங்களுக்குக் குடு!"

மனையியல் எழுத இருந்த இடத்தில் விஞ்ஞானம் எழுதச் சொன்னேன். டிஸ்பென்சரி வேலையை விடச் சொன்னேன். "ரெண்டு வருஷம் பொறு. அங்க நீ கட்டுப்போடுற உதவியாள். இங்க நீ நர்ஸ்." அந்த வாக்கியத்தை நான் சொன்னதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. தலைப்பு போல இருந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியர் வருவதும் மாற்றலாகிப் போவதுமாக இருந்த காலம். அவள் பழைய புத்தகங்களைப் பார்த்தெழுதிப் படித்தாள். சனிக்கிழமைகளிலும் வருவாள், விறாந்தையில் உட்கார்ந்து படிப்பாள். அந்த நாட்களில் நானும் பள்ளிக்கூடத்தில்தான் இருப்பேன், போவதற்கு வேறு இடமில்லாததால். பேச்சு அதிகமில்லை. டிஸ்பென்சரி வேலை பக்கத்து லயத்துப் பெண்ணுக்குப் போய்விட்டதென்று ஒரு நாள் சொன்னாள். "நல்லது" என்றேன்.

இரண்டு வருடம் கழித்து அவள் பரீட்சையில் சித்தியடைந்தாள். கணிதத்தில் திறமைச் சித்தி. சில மாதங்களில் தாதிப் பயிற்சி அறிவித்தல் வந்தது. வழக்கம்போல வெட்டி ஒட்டினேன். அவள் விண்ணப்பத்தைச் சரியாக நிரப்ப விரும்பினாள்; விண்ணப்பத்தின் மாதிரி பலகையில் இல்லை, அதையும் நான்தான் வெட்டியிருந்தேன். ஆகவே அதிபரிடம் போய் முழு வர்த்தமானியைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். இடைவேளைக்கு மணி அடிக்கும் முன்பே என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். கையில் முதற் பக்கம் விரித்தபடி இருந்தது.

"சேர், இது பலகையில இல்லையே."

பொது நிபந்தனைகள். முதலாவது: விண்ணப்பதாரர் இலங்கைப் பிரஜையாக இருத்தல் வேண்டும், பிரஜாவுரிமைச் சான்றிதழின் பிரதி இணைக்கப்பட வேண்டும்.

எனக்கு அந்த நிபந்தனை தெரியாது என்று சொல்ல முடியாது. பலகை வைத்த முதல் வாரத்தில் வாசித்தேன். ஒவ்வொரு வாரமும் அதே சொற்களில் அது வந்தது. மாறாமல் வருவது செய்தியல்ல என்று பழகிய கண், இரண்டாம் வாரத்திலிருந்து அதைத் தாண்டிப் போனது. இன்னொன்றும் உண்டு. என்னிடம் பிரஜாவுரிமைச் சான்றிதழ் எங்கே என்று வாழ்நாளில் ஒருவரும் கேட்டதில்லை. என் வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள். அவர்களுடைய தாய்தகப்பனுக்கு நாடு எதுவென்று இலங்கை, இந்தியா என்று இரண்டு அரசாங்கங்கள் எண்ணிப் பிரித்துக்கொண்டிருந்தன. அதை நான் பத்திரிகையில் இருந்தபோது நாலு பத்தித் தலைப்பாகப் போட்டிருக்கிறேன்.

"உங்க வீட்டில பிரஜாவுரிமைக்குப் பதிஞ்சிருக்கா, பிள்ளை?"

"அப்பா இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருக்காரு. என் பேரும் அதுலதான். அப்ப எனக்கு வயசு பத்தாதுன்னு சேத்து எழுதிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "பலகையில கீழ வெட்டின துண்டெல்லாம் எங்க, சேர், போச்சு?"

"கூடைக்கு."

அவள் அழவில்லை. தாளை மடித்தாள், பழைய மடிப்புகளிலேயே மடித்தாள்.

"அது தெரிஞ்சிருந்தா டிஸ்பென்சரிக்குப் போயிருப்பேன், சேர். அங்க அது கேக்க மாட்டாங்க."

அந்த வாரம் மாவட்ட அரசாங்கக் கந்தோரான கச்சேரிக்குப் போனேன். எழுதுவினைஞர் மரியாதையாகத்தான் பேசினார். தகப்பனின் விண்ணப்பத்தில் சேர்ந்த பெயரைத் தனியாக எடுக்க முடியாது என்றார். முடிந்தாலும் புதிதாகப் பதிய வருடங்கள் ஆகும். தாதிப் பயிற்சிக்கு வயதெல்லை அதற்குள் கடந்துவிடும். நான் பிள்ளைக்கு என்ன உறவு என்று சிங்களத்தில் கேட்டார். ஆசிரியர் என்றேன். அவர் முன்னால் விரித்திருந்த கோவையை மூடினார். அடுத்து தோட்டத்துக்குப் போய் டிஸ்பென்சரியில் விசாரித்தேன். மருந்து கொடுப்பவர் கதவருகில் நின்றே பதில் சொன்னார்: "அப்பவே கேட்டோம், மாஸ்டர். வரமாட்டேன்னுட்டாங்க. இப்ப இருக்கிற பிள்ளைய எப்படி நிப்பாட்டுறது?" உள்ளே வேலைக்குச் சேர்ந்திருந்த பக்கத்து லயத்துப் பிள்ளை ஒரு கிழவரின் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். நேர்த்தியாகப் போட்டாள்.

ஒன்றரை வருடம் அவளுக்கென்று மாசச் சம்பள வேலை ஏதும் இல்லை. தாயோடு பால் வெட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வியாபாரி கீழிருந்து சத்தம் போட்டார்.

"மாஸ்டர்! உங்களத் தேடி ஆள் வந்திரிக்கி!"

குரலில் ஆச்சரியம் இருந்தது. அவளுடைய அப்பா வந்திருந்தார். வெள்ளை வேட்டி, கோட். கோட்டுப் பையிலிருந்து பாஸ்போர்ட்டுகளை எடுத்துக் காட்டினார். அடுத்த வாரம் மாத்தளையிலிருந்து கண்டி போய், அங்கிருந்து தலைமன்னார் ரயில், பிறகு இந்தியாவுக்குக் கப்பல்.

அறையில் இருந்தது ஒரே கதிரை. உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை. கதிரையை நடுவில் விட்டு இரண்டு பேரும் நின்றோம்.

"சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேனுங்க. பிள்ளைக்கு நீங்க நெறைய செஞ்சீங்க."

"நான் பிழை விட்டுட்டேன். உங்க மகள் சொன்னாளா?"

"அவ என்னங்க சொல்லப் போறா? பேப்பர்ல இருந்ததத்தானே நீங்க ஒட்டுனீங்க."

அவள் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன்: பேப்பரில் இருந்ததை முழுவதாக ஒட்டவில்லை, கீழே இருந்ததை வெட்டினேன், பிரஜாவுரிமை நிபந்தனையைப் பார்க்கச் சொன்ன வரி அதில்தான் இருந்தது. அவர் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, பாஸ்போர்ட்டுகளைத் திரும்பப் பையில் வைத்தார்.

"எடம் பத்தலையாக்கும்" என்றார்.

அவர் குத்தலாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படியிறங்கும்போது திரும்பி, "அந்தப் பக்கம் இந்தப் பரீட்சைய ஏத்துக்குவாங்களா, சேர்? ஆஸ்பத்திரியில?" என்று கேட்டார். விசாரித்து எழுதுகிறேன் என்றேன். சென்னையில் எனக்குத் தெரிந்த பத்திரிகைக்காரர் ஒருவருக்கு எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: அங்கே மறுபடி எழுத வேண்டியிருக்கும், நிச்சயமாகத் தெரியாது. அந்த விவரத்தை அனுப்ப என்னிடம் முகவரி இல்லை. தோட்டத்தில் கேட்டேன். இந்தியாவில் அவர்களைக் கொண்டுபோய் விடும் முகாமின் பேர் மட்டும் சொன்னார்கள். அந்தப் பேருக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை, கடிதம் திரும்பியும் வரவில்லை.

அவர்கள் புறப்பட்ட நாளில் ரயிலடிக்கு நான் போகவில்லை. அன்று வேலை நாள். பத்தே காலுக்கு வகுப்பில் ரயிலின் சத்தம் கேட்டது. பிள்ளைகள் சிலர் யன்னல் பக்கம் திரும்பினார்கள். நான் பாடத்தை நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு எதையும் வெட்டவில்லை. ஒவ்வொரு அறிவித்தலையும் முழுவதாக ஒட்டினேன்; பொது நிபந்தனைகளின் முதற் பக்கத்தை நடுவில், முதலாம் நிபந்தனையின் கீழ் நீலக் கோட்டோடு. பலகையில் மூன்று அறிவித்தல்கள் மட்டும் பிடித்தன. அதிபர் ஒரு நாள் நின்று பார்த்தார். "முந்தி அழகா இருந்திச்சு, மாஸ்டர். இப்ப ஒண்ணும் வாசிக்கத் தோணல."

அவர் சொன்னது சரிதான். புதன்கிழமைக் கூட்டம் குறைந்தது. நகரத்துப் பிள்ளைகள், கடைக்காரர்களின் பிள்ளைகள் வந்து வாசித்துக் குறித்துக்கொண்டு போனார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் தூரத்திலிருந்தே நடுப்பக்கத்தைப் பார்ப்பார்கள். என் மேசைக்கு வருகிறவர்கள் இரண்டு பேர், ஒருவர், சில வாரம் ஒருவருமில்லை. தோட்ட டிஸ்பென்சரி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா, தொழிற்சாலைக் கந்தோர் என்று சான்றிதழ் கேட்காத வேலைகளை விசாரித்து, கையால் எழுதி, ஓரத்தில் ஒட்டிப் பார்த்தேன். வருடத்துக்கு இரண்டோ மூன்றோதான் கிடைத்தன.

ஒரு புதன்கிழமை குண்டூசி எடுத்து வரத் திரும்பினேன். புதிதாக ஒன்பதாம் வகுப்புக்கு வந்த ஒருவன் தபால் கந்தோர் அறிவித்தலை மேலிருந்து, எழுத்துக் கூட்டி, சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் நின்றவன் பொறுமையிழந்து முதுகில் தட்டினான்.

"நடுப்பக்கத்த மொதல்ல படிடா. நேரம் மிச்சம்."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பந்து விளையாடப் போனார்கள். சுவரில், பலகைக்கு இடப்பக்கம், நான்கடி பதினொரு அங்குல உயரத்தில், அவளை அளந்த பென்சில் கோடு இன்னும் இருந்தது. சுண்ணாம்பு அடிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். அடுத்த நாள் அந்தப் பக்கத்தை அடிப்பதாகச் சொன்னார்கள். நான் பலகையைக் கழற்றி வகுப்புக்குள் சாய்த்து வைத்தேன். குண்டூசிகளை எண்ணாமல் பெட்டியில் போட்டேன்.