றீற்றா அக்காவின் வேலியில் இருந்த சட்டை

பாலாவிச் சந்தியில் லொறியை நிறுத்திவிட்டுப் பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அப்பா, றீற்றா மாமி மோசம் போயிட்டா. பூசைக்கு வரல்ல என்று போய்ப் பார்த்தவங்க. கதிரையில இருந்தபடியே போயிருக்கிறா." பிறகு சொன்னாள், "வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தவவாம்." கடித்த பாணைக் கோப்பையில் திரும்ப வைத்தேன். பருப்பில் உறைப்புக் கூடிவிட்டது என்று நினைத்துக் கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அக்கா போய் ஒரு மாதம் முடியும் திருப்பலிக்குப் போடும் நினைவு மலரில் என்னையும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் கைவிட்டவர்கள். வெங்காய மூட்டையில் ஆள் பேர் எழுதுவதுதான் இன்றுவரை என் எழுத்துத் தொழில். பக்கத்து வளவில் இருந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

அவருடைய வேலியை உங்களில் பெரும்பாலானவர்கள் கண்டிருப்பீர்கள். காணாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கரையில் என்ன ஒதுங்கினாலும், செருப்பு, மிதவை, சாரம், எண்ணெய்க் கான், எதுவானாலும், அக்கா எடுத்துவந்து கிணற்றுத் தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, ரோட்டுப் பக்க முட்கம்பியில் கட்டிவிடுவார். தேடி வருகிறவர் கண்டால் அவிழ்த்துக்கொண்டு போகலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தச் சட்டைகளும் சாரங்களும் காற்றை வாங்கி உப்பி, தலையில்லாத ஆட்கள் வரிசையாக நின்று ரோட்டைப் பார்ப்பது போல இருக்கும். ஊரெல்லாம் வேலி தின்னும் கட்டாக்காலிக் கழுதைகள் கூட அந்த இடத்தில் மறுபக்கம் மாறிப் போகும். சின்ன வயதில் என் மகள் அங்கே வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடிப்பாள். நான் கண்ணைத் திறந்துகொண்டு அவள் கையைப் பிடிப்பேன். பயம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

ஒருமுறை மூடியோடு புது நீலப் பீப்பா ஒன்று ஒதுங்கியது. எனக்கு அதில் ஆசை விழுந்துவிட்டது.

"அக்கா, இது கடல் தந்தது" என்றேன்.

"கடலுக்கு ஏதடா பீப்பா? எவனோ ஒருத்தன்ட படகில இருந்து போனது. கடல் கொண்டுவந்தால் பரவாயில்லை என்று பத்துக் கட்டளையில ஒரு வரி இருந்தால் காட்டு. வேலியடிக்குத் தூக்கிக்கொண்டு போ."

"தண்ணி பிடிக்கத் தேவை அக்கா."

"ரெண்டு பீப்பா வைத்திருக்கிறாய். மூன்றாவது வந்தால் நாலாவதும் தேவைப்படும் உனக்கு."

கற்பிட்டியிலிருந்து அதன் சொந்தக்காரன் வந்தான். நன்றிக்கென்று ஒரு கூடை மீன் கொண்டுவந்தான். அக்கா ஒரு கறிக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, "எனக்கு இது காணும்" என்று மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்.

இனி அந்தச் சட்டை. முந்திய வருடக் கச்சானில் ஒதுங்கியது. நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. பொக்கற்றில் மட்டும் பழுப்புச் சாரத் துணியால் ஒட்டுப் போட்டிருந்தது. அக்கா எத்தனை தரம் கழுவினாலும் அது காயவில்லை. பக்கத்தில் கிடக்கும் சாரம் மொடமொடவென்று காய்ந்து நிற்கும். இதைத் தொட்டால் ஈரம். உப்பு ஏறிய துணி காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் என்று நான் பெரிய ஆள் போல விளக்கம் சொன்னேன். சொல்லிவிட்டுக் கையைச் சாரத்தில் நன்றாகத் துடைத்துக்கொண்டேன்.

ஒரு நடுப்பகல். காற்று அடியோடு விழுந்துவிட்டது. தூரத்தில் காற்றாலைகள் கூட அசையவில்லை. வேலியில் எல்லாம் தொங்கிப்போய்க் கிடந்தன. அந்தச் சட்டையின் ஒரு கை மட்டும் மெல்ல எழும்பி, சற்று நேரம் நின்று, இறங்கியது. என் மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டியது என்பது உண்மைதான். ஆனால் அக்காவுக்குக் கண்ணாடியே தேவையில்லை.

"கண்டனியா?" என்றார் முற்றத்திலிருந்து. "யாரையோ கூப்பிடுது. உன்னை இல்லை, பயப்படாதே."

அப்போதுதான் அந்தப் பொக்கற்றை எங்கே கண்டேன் என்பது எனக்கு நினைவு வந்தது. பாலாவிப் பக்கம், மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள் இருக்கிற ஊரில் நிஸ்தார் என்றொருவர். கடலுக்குப் போகாத நாட்களில் இதே மாதிரி ஒட்டுப் போட்ட சட்டையோடு என் லொறியில் மூட்டை ஏற்றுவார். அந்தக் கச்சானுக்குச் சற்று முன் படகோடு காணாமல் போனவர். வெளிநாட்டுக் கப்பல் ஒன்று காப்பாற்றியிருக்கும், ஒருநாள் தொலைபேசி வரும் என்று அவர் மனைவி ஹலீமா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவிடம் சொன்னேன். "அவருடையது போலத்தான் இருக்குது. எரித்துவிடுவம் அக்கா. அந்தப் பிள்ளை நம்பிக்கொண்டாவது இருக்கட்டும்."

"போலவா, அவருடையதேதானா?"

"போல."

"அப்ப போல என்று தெரியும், அவ்வளவுதான். எரிக்கிறதுக்கு அது உன்னுடையதுமில்லை, என்னுடையதுமில்லை. லொறியை எடு."

ஹலீமா வாசலில் நின்று எங்களை உள்ளே கூப்பிட்டார். அக்கா படியில் ஏறவில்லை. வழியெல்லாம் நான் மனதுக்குள் தயார் செய்த ஆறுதல் வசனங்களுக்கு இடமே கிடைக்கவில்லை. அக்கா சொன்னது இவ்வளவுதான்: "என் வேலியில ஒரு சட்டை இருக்குது பிள்ளை. யாருடையது என்று எனக்குத் தெரியாது. வந்து பார்க்க விருப்பம் என்றால் வாங்க. விருப்பம் இல்லை என்றால் வராதேங்க. அது அங்கேயே இருக்கும்." உள்ளே ஒரு வயதான குரல், "யாரு மகள், நிஸ்தாரா?" என்று கேட்டது. ஹலீமா, "இல்ல மாமி" என்றார்.

பிறகு சில மாதங்கள், பின்னேர பஸ்ஸில் கறுப்பு அபாயா போட்ட ஒரு பெண் இறங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பார். வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். இந்தப் பக்கம் சட்டை, அந்தப் பக்கம் அவர், நடுவில் வெறும் ரோடு. அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார். அக்கா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருப்பார். தலையை நிமிர்த்தமாட்டார்.

"போய்க் கதைத்தால் என்ன அக்கா?" என்று கேட்டேன்.

"அவ வந்தால் கதைப்பன். ரோட்டில நிற்கிறது அவவின்ட வீட்டுக்குள்ள இருக்கிறது மாதிரி. நீயும் எட்டிப் பார்க்காதே. உன் கழுத்து நீளம்."

ஒருநாள் ஹலீமா ரோட்டைக் கடந்து வந்தார். சட்டையின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். பொக்கற்றின் தையலில் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவினார். கையை எடுத்தபோது விரல்களில் ஈரம் மினுங்கியது.

"இது அவருடது இல்லக்கா" என்றார்.

"சரி பிள்ளை. அப்ப இங்கேயே இருக்கட்டும்" என்றார் அக்கா.

அவர் போன பிறகு எனக்கு வாய் பொறுக்கவில்லை. "அக்கா, அந்தத் தையலைத் தடவின விதத்தைப் பார்த்தீங்களா? அது அவ போட்ட ஒட்டு."

"பார்த்தனான். உண்மை பேசச் சொல்லி ஆண்டவர் என் வாயைத்தான் கேட்டிருக்கிறார். அடுத்தவவின்ட வாயைத் திறந்து பார்க்கச் சொல்லவில்லை."

அன்றிலிருந்து பொழுதுபடும்போது அந்தச் சட்டையை மட்டும் அவிழ்த்து, மடித்து, உள்ளே கொண்டுபோய் வைப்பார். காலையில் திரும்பக் கட்டுவார். மற்றவற்றைப் பனியில் விட்டுவிடுவார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என் கழுத்தைப் பற்றித்தான் ஏதாவது சொல்லியிருப்பார்.

அடக்கம் முடிந்து ஊர் கலைந்த நேரம், ஹலீமா வேலியடியில் நிற்கக் கண்டேன். முந்திய நாள் காலையில் அக்கா கட்டிய சட்டை அப்படியே இருந்தது. அன்று மாலை அவிழ்க்க அவர் இருக்கவில்லை. ஹலீமா முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"போன மாசம் எங்க வீட்டு மாமி மவுத்தாகிட்டாங்க அண்ணன்" என்றார். "மகன் வருவான் என்றுதான் அவங்க மூச்சே இருந்தது. அதால அன்றைக்கு அக்காட்ட பொய் சொன்னேன். இது அவருடதுதான். சொல்லிவிட்டு எடுத்துப் போக இந்தக் கிழமை வர இருந்தேன்."

சட்டையை மடித்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். வேலியின் மற்ற உருப்படிகள் காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து, அவரையே பார்ப்பது போல நின்றன. "அக்காக்கு அது தெரியுமா அண்ணன்?"

"நீங்க இல்லை என்று சொன்ன அன்றைக்கே தெரியும்."

"ஒண்டும் கேக்கல்ல."

"கேட்கமாட்டா."

என்னைப் பார்த்தார். என் வாயில் எத்தனையோ கேள்விகள் இருந்தன. என்னைத் தெரிந்த உங்களுக்கு அது புதினமில்லை. வேலியும் கரையும் இனி யாருக்கு என்பது அக்காவின் பிள்ளைகள் தீர்மானிக்கிற விஷயம். அக்காவிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது ஒன்றுதான். அதை அந்த இடத்திலேயே முதல் தடவையாகப் பாவித்தேன்.

"லொறி இருக்குது தங்கச்சி" என்றேன். "எங்கே இறக்கிவிட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்க."