பெனாயில் ஊற்றிய ரஹமத் அக்கா

ரஹமத் அக்கா இறந்துவிட்டார்.

காலையில் தோழி ஒருத்தி போன் செய்தாள். மெஸ்ஸுக்கு மேடம் வரவில்லையே என்று பிள்ளைகள் போய் அறைக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். திறக்கவே இல்லை... தூக்கத்திலேயே போய்விட்டாராம். மாரடைப்பு என்கிறார்கள்.

வடமதுரைப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நானும் அவரும் சேர்ந்து வேலை பார்த்தோம். பேருக்கு கெமிஸ்ட்ரி லெக்சரர்கள். கூடவே லேடீஸ் ஹாஸ்டலுக்குத் துணை வார்டன்கள். அங்கேயே தங்க வேண்டும், மெஸ்ஸில்தான் சாப்பிட வேண்டும்.

சேர்ந்த அன்றே ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது கையில் இல்லாமல் வேறு எங்கே போவது?

பிள்ளைகள் நிலைமையும் அதேதான். சைவமா அசைவமா என்று வருடத் தொடக்கத்தில் சொல்லிவிட வேண்டும், அப்புறம் மாற்ற முடியாது. வெளிச் சாப்பாடு கேட்டோடு சரி. அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையைக்கூட செக்யூரிட்டி வாங்கி வைத்துவிடுவார்.

கேன்டீன் ஒன்று இருந்தது. டீ, பன், பப்ஸ்... அதையும் வகுப்பு முடிந்ததும் பூட்டிவிடுவார்கள். சுற்றிலும் முருங்கைத் தோட்டம், அதைத் தாண்டி நாற்கரச் சாலை. அவ்வளவுதான்.

முதல் நாள் மெஸ்ஸில் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். கட்டி கட்டியாகச் சோறு, தண்ணியாகச் சாம்பார். அக்கா எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன புள்ள, தொட்டுக்க வெஞ்சனம் தேடுறியா? இங்க ரெண்டே பிளான்தான். சாப்புடுறது ஒண்ணு, சாப்புடாமப் படுத்துக்கிறது ஒண்ணு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கைப்பைக்குள்ளிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, என் தட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் வைத்தார்.

"இது கேட்டத் தாண்டி எப்படிக்கா வந்துச்சு?"

"துப்பட்டாவுக்குள்ள வந்துச்சு. சத்தம் போடாமத் தின்னு."

அவருக்கு வீடு நாகல் நகரில். பஸ் ஏறினால் கூப்பிடு தூரம். அத்தா தோல் மண்டியில் வேலை பார்த்தவர், எப்போதோ இறந்துவிட்டார். வீட்டில் அம்மா மட்டும்தான். ஞாயிறு மதியச் சாப்பாட்டு டூட்டி முடிந்ததும் அக்கா கிளம்புவார், திங்கள் காலை வகுப்புக்குத் திரும்பிவிட வேண்டும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது.

அதற்கு முந்தின நாள் பூராவும் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஆபீசுக்கும் லேபுக்கும் மட்டும்தான். மெஸ் ப்ரீசரில் கிடந்த கோழியைத்தான் அன்றைக்குக் குழம்பு வைத்திருந்தார்கள்.

மெஸ் கதவைத் திறக்கும் முன்னால் வார்டன் சாப்பிட்டுப் பார்த்து ஓகே சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. அக்கா ஒரு துண்டை வாயில் வைத்தார். வைத்ததும் துப்பிவிட்டார்.

"இது ஆகாது. கொட்டிருங்க."

மெஸ் மேனேஜர் கெஞ்சினார். "மசாலா தூக்கலா இருக்கு மேடம், பிள்ளைகளுக்கு ஒண்ணும் தெரியாது. பசியில நிக்குதுக..."

கதவுக்கு வெளியே பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நிர்வாக அதிகாரியே வந்துவிட்டார்.

"நீங்க சாப்புட வேணாம் மேடம். ஓகே மட்டும் சொல்லுங்க. சர்டிபிகேட் எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்கட்டும்."

அக்கா ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றி அவரிடம் நீட்டினார். "அப்ப நீங்க ஒரு வாய் சாப்புடுங்க சார். நானே கதவத் தொறந்து விடுறேன்."

அவர் வாங்கவில்லை. வீட்டில் சாப்பிட்டுவிட்டாராம். மேனேஜரைப் பார்த்து, "நீ தொறப்பா" என்றார்.

அக்கா பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனார். பெனாயில் பாட்டிலை எடுத்து வந்தார். அந்த ஆள் கண் முன்னாலேயே அண்டாவுக்குள் கவிழ்த்துவிட்டார்.

சிவப்புக் குழம்பின் மேல் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்தது. அக்கா காலி பாட்டிலை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்.

சாயங்காலம் ஆகப்போகும் நேரத்தில் ரவா உப்புமா கிண்டிப் போட்டார்கள். வாரத்துக்கு ஒரு தடவை வருகிற கறியும் போச்சே என்று சில பிள்ளைகள் அக்காவைத் திட்டிக்கொண்டே தின்றார்கள். அவர் காதில் விழுந்தது.

செமஸ்டர் முடியும் வரை அக்கா வீட்டுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. வேலையை விட்டு அனுப்பினாலாவது பரவாயில்லை... அதையும் செய்யவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் அம்மா கேட்டுக்கு வந்தார். உள்ளே விடவில்லை. தூக்குவாளியையும் விடவில்லை. அக்கா கம்பிக்கு வெளியே கையை நீட்டி இடியாப்பத்தை வாங்கி, அங்கேயே நின்று சாப்பிட்டார். அம்மா அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த செமஸ்டர் முடிந்ததும் எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. அப்பா ஒரு வக்கீலோடு வந்து, ஆபீசிலேயே உட்கார்ந்துதான் என் சர்டிபிகேட்டை மீட்டார்.

"உங்களுக்கும் சேத்துக் கேக்கச் சொல்றேன், வாங்கக்கா" என்றேன்.

"வாங்கி என்ன பண்ண? கோயம்புத்தூருக்கு வந்துட்டா அம்மாவ யாரு பாக்குறது? அது அந்த வீட்ட விட்டு நகராது. இங்க கெடந்தா ஞாயித்துக்கிழமையாச்சும் எட்டிப் பாப்பேன்."

கேட் வரை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாஸ் இல்லாததால் அதைத் தாண்டி வரவில்லை.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நாகல் நகருக்குப் போன் செய்தேன். அம்மாதான் எடுத்தார். அழவில்லை.

"ராத்திரி சாப்புட்டாளான்னு கேக்குறேன். ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாக..."

எனக்கும் தெரியாதே அம்மா...

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகளுக்கு நடுவே நான் ஏறி வந்த பஸ் மாட்டிக்கொண்டு நிற்கிறது. இறங்கவும் முடியவில்லை.

தூக்கிட்டுப் போறதுக்குள்ள முகத்தப் பாத்துருவேன் அக்கா. வாரேன்... வந்துக்கிட்டே இருக்கேன்.