சைக்கிளில் வந்த பெண்

வீட்டுக்கு வருகிறவர்களிடம்கூட எனக்குப் பேசக் கூச்சம். போன மாசம், சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குத் தனியாகச் சைக்கிளில் போகிற ஒரு பெண், ராஜபாளையத்தில் எங்கள் வாசல்படியில் நொண்டியபடி வந்து உட்கார்ந்தாள். சீட்டில் உரசித் தொடையெல்லாம் புண். உள்ளே கூட்டிப்போய், கதவைச் சாத்தி, தேங்காய் எண்ணெய் கொடுத்தேன்.

“மிச்சத்த பஸ்ஸுல போயிரு தாயி. யாரு கேக்கப் போறா?”

“நான் கேப்பேனே, பாட்டி!” என்று அழுகையோடு சிரித்தாள்.

சாப்பிட்டுவிட்டுச் செத்த நேரம் படுத்திருந்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

ஊர் என்ன கேட்கும், மகன் என்ன கேட்பான் என்றே பயந்து வாழ்ந்தவள் நான். அன்றைக்குத்தான், உனக்கு என்ன வேணும் என்று முதல் தடவையாக என்னையே கேட்டேன். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது.