தொட்டில் மாதிரி ஆடிய படகு

படகு சாய்வதில் பிழையில்லை. சாய்ந்த பிறகு நிமிர்ந்து வரவேண்டும் என்ற எண்ணம் அதற்கு இருக்கவேண்டும், அவ்வளவுதான். திருகோணமலையில் படகு வரைந்து கொடுத்துச் சோறு தின்கிற நான் இதை எத்தனையோ பேருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன். என் சகலனுக்கு மட்டும் முடியவில்லை.

என் மனைவியின் அக்காவைக் கட்டிய அந்த மனிதருக்கு, டொல்பின் பார்க்க வருகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போவதுதான் தொழில். அவருக்கு நான் வரைந்த படகு அகலமானது, அடியில் பாரம் கூடியது. எந்த அலை தள்ளினாலும் வெடுக்கென்று நிமிரும். அந்த வெடுக்கில்தான் சனி பிடித்தது. முதல் பயணத்திலேயே ஏறியவர்களுக்கெல்லாம் குடல் வாய்க்கு வந்துவிட்டது. ஒரு வெள்ளைக்காரர் சகலனின் புதுச் சேட்டிலேயே சத்தியெடுத்தார்.

"தம்பி, போட் கீறச் சொன்னா நீர் மாட்டு வண்டில் கீறித் தந்திருக்கிறீர்."

"அண்ணை, உந்தக் குலுக்கல்தான் உங்களைக் காப்பாத்தும். ஆறுதலா, மெள்ள ஆடுற போட்தான் கவிழும்."

"ஓமோம். சனம் சத்தியெடுத்துச் செத்தாப் பிறகு காப்பாத்தட்டும்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி, அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இரும்புக் குழாயும் பலகையும் வைத்து ஒரு மேல்தட்டுக் கட்டினார். பாரம் மேலே ஏறினால் படகு மெதுவாக ஆடும், பிறகு கவிழும் என்று நான் சொன்னதில் முன்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார் போலிருக்கிறது. பிறகு நல்லநாள் பார்த்துக் குடும்பத்தோடு வெள்ளோட்டம் வைத்தார்.

நான் துறைக்குப் போனபோது மேல்தட்டுக் கதிரைகளில் சொந்தக்காரர் நிரம்பியிருந்தார்கள். நடுவில், எங்கள் இருவருக்கும் பெண் கொடுத்த மாமி. பக்கத்தில் என் மனைவி.

"இறங்குங்கோ எல்லாரும்! உது ஆபத்து!"

"நல்லநேரம் போகுது தம்பி, ஏறுங்கோ" என்றார் மாமி. சேலை கசங்குமென்று உயிர்காப்பு அங்கியைப் போடாமல், அதை மடித்துக் கதிரையில் வைத்து அதன்மேல் இருந்தார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அக்காவைப் பார்த்தாள். அவளைக் கடலுக்கு விட்டுவிட்டுக் கரையில் நிற்க என்னால் முடியாது. ஏறினேன்.

வாடைக் காற்று இன்னும் முழுதாக அடங்கவில்லை. துறைமுக வாய் தாண்டியதும் அலை தூக்கியது. படகு மெல்லச் சாய்ந்தது, கொஞ்சம் யோசித்தது, மெல்ல நிமிர்ந்தது. எல்லோருக்கும் பரம சந்தோஷம்.

"இப்பதான் போட் மாதிரிக் கிடக்கு! தொட்டில் மாதிரியெல்லே ஆட்டுது!" என்றார் மாமி. சகலன் என்னைப் பார்த்து மீசையைத் தடவினார். யோசிக்கிற படகை எனக்குப் பிடிக்காது.

கோணேசர் கோயில் மலைக்குக் கீழே போகிற படகு கும்பிடாமல் போவதில்லை. சகலன் இயந்திரத்தை மெதுவாக்கிவிட்டு மேலே வந்து கற்பூரம் கொளுத்தினார். "அரோகரா!" என்று மேல்தட்டு முழுவதும் எழும்பி மலைப்பக்கக் கம்பியோடு ஒட்டியது. படகு சாய்ந்தது. சாய்ந்தபடியே நின்றது. ஒருவரும் கவனிக்கவில்லை, எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

"நடுவுக்கு வாங்கோ! கதிரையில இருங்கோ!" என்று கத்தினேன். கடவுளுக்கு முன்னால் என் சொல் எடுபடுமா? கம்பியின் அந்தத்தில் என் மனைவி கைகூப்பி நின்றாள். அவளுக்கு நேர் கீழே தண்ணீர். எனக்கு மூளை விறைத்துப்போனது.

"அங்கால பாருங்கோ, டொல்பின்!"

பாதிப்பேர் எதிர்ப்பக்கம் போனால் போதும் என்று நினைத்துத்தான் இல்லாத டொல்பினைக் காட்டிக் கத்தினேன். முழுச் சனமும் ஓடியது. முதலில் ஓடியவர் சகலன், கையில் போனோடு. கதிரைகளும் சாமிக்கு உடைக்க வைத்திருந்த தேங்காய்களும் அவருக்குப் பின்னால் ஓடின. படகு மற்றப் பக்கம் போன வேகத்தில் கீழ்த்தட்டு விளிம்பால் தண்ணீர் உள்ளே ஊற்றியது. அப்போதுதான் எல்லோரும் அலறினார்கள்.

"குந்துங்கோடா எல்லாரும்! நிண்ட நிண்ட இடத்தில குந்துங்கோ!"

மாமியின் குரல். சனம் பொத்தென்று குந்தியது. படகு யோசித்தது. என் ஆயுளில் அப்படி ஒரு யோசனையை நான் பார்த்ததில்லை. பிறகு மெல்ல, மிக மெல்ல, நிமிர்ந்தது.

நான் தவழ்ந்துபோய் மனைவியின் கையைப் பிடித்தேன். வெட்கமில்லாமல் அழுதேன். "உங்களுக்கென்ன விசரே?" என்று கேட்டாள், ஆனால் கையை விடவில்லை. கரைக்கு வந்ததும் மாமி ஊருக்கெல்லாம் சொன்ன கதை வேறு: கோணேசர் காப்பாற்றினார், மருமகன்தான் கவிழ்க்கப் பார்த்தார்.

அடுத்தநாள் சகலன் போன் எடுத்தார்.

"தம்பி, மேல்தட்டைக் கழட்டிப்போட்டன். இனி அது குலுங்கட்டும், சனம் சத்தியெடுக்கட்டும். நீர் சொன்னதுதான் சரி."

அவர் வாயால் அதைக் கேட்க எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெருந்தன்மையாக ஏதாவது சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன்.

"ஆனா ஒண்டு" என்றார் அவர். "டொல்பின் எண்டு கத்தினாச் சனம் என்ன செய்யும் எண்டு, அதையே தொழிலா வச்சிருக்கிற என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"