கடைசி டின் எந்த வகை?

மகள் சிட்னியில் வீடு வாங்கியிருக்கிறாள். முழுக்க மரத்தரை. புடவை அனுப்பட்டுமா, பாத்திரம் அனுப்பட்டுமா என்று கேட்டால், "அப்பா செஞ்ச மெழுகு ஒரு டின் அனுப்பும்மா, அது போதும்" என்கிறாள். அவர் இறந்ததோடு பட்டறையையும் மூடிவிட்டோம். மிச்சம் இருப்பது ஒரே ஒரு டின். அதை அலமாரியில் என் புடவைகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

கே.கே. நகரில் ஒரு ஷெட்டில் நானும் என் கணவரும் தரை பாலிஷ் தயாரித்தோம். காய்ச்சுவது அவர். பெட்டி கட்டி, லாரியில் புக் செய்வது நான். ஸ்கூட்டரில் முன்னால் அவர், பின்னால் நான், நடுவில் டர்பெண்டைன் வாசனை. பஸ்ஸில் போனால் பக்கத்தில் உட்கார்பவர்கள், "வீட்ல பெயின்ட் அடிக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். அப்போதெல்லாம் எரிச்சலாக வரும்.

சரக்கு எந்த வகை என்று முடிவு செய்வதும் என் பொறுப்புதான். மெழுகைப் பார்த்து வகை சொல்ல முடியாது, அது எதில் கரைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தண்ணீரில் கலந்த பாலிஷ் சாதாரணச் சரக்கு, அரிசி மூட்டையோடு ஏறிப் போய்விடும். டர்பெண்டைனில் கரைத்தது தீப்பற்றும் சரக்கு. அதற்கு வாடகையும் கூடுதல், அதை ஏற்றும் லாரிக்காகக் காத்துக் கிடக்கவும் வேண்டும்.

அவருக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. "தரை துடைக்கிற சாமானுக்கு வெடிகுண்டு மரியாதையா? வெறும் மெழுகுன்னு எழுதேன், யாரு பார்க்கப் போறாங்க?" என்பார். நான் எழுத மாட்டேன்.

சிந்தாதிரிப்பேட்டை புக்கிங் ஆபீஸில் இருந்தவர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். "இன்னாம்மா, டர்பெண்டைன் கீதா இதுல?"

"இருக்குண்ணா" என்பேன். பின்னால் நிற்கும் என் கணவரின் முகம் தொங்கிப்போகும்.

"நீ என் பொண்டாட்டியா, இல்ல லாரி கம்பெனி ஆளா?" என்று ஸ்கூட்டரில் ஏறியதும் ஆரம்பிப்பார். நானும் விடமாட்டேன். திருவல்லிக்கேணியில் ஒரு மெஸ்ஸில் நிறுத்தி, காபி வரும்வரைதான் அந்த ரோஷமெல்லாம். முதல் வாய் குடித்ததும், "சர்க்கரை போதுமா உனக்கு?" என்பார். அந்தச் சண்டைக்கு இப்போது ஏங்குகிறேன்.

போன வாரம் டின்னை எடுத்துக்கொண்டு லஸ் பக்கம் ஒரு கூரியர் கடைக்குப் போனேன்.

"உள்ள என்ன ஆன்ட்டி?" என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

"தரைக்குப் போடுற மெழுகு."

கம்ப்யூட்டரில் தேடினாள். "மெழுகுன்னா போகும். சால்வென்ட், தின்னர் எதுவும் கலக்கலையே?" கேட்டுக்கொண்டே அட்டைப்பெட்டியை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"டர்பெண்டைன் கலந்திருக்கும்மா. தீப்பிடிக்கும். பிளைட்ல ஏத்தவே கூடாது" என்றேன். அதோடு விட்டேனா? பாதிக்குப் பாதி டர்பெண்டைன், சூடு பட்டால் ஆவி குபீரென்று பற்றிக்கொள்ளும் என்று, கேட்காததையெல்லாம் அள்ளிக் கொட்டினேன். அவள் பயந்துபோய் டின்னை என் பக்கமே நகர்த்தினாள். "சாரி ஆன்ட்டி, இதை யாருமே எடுக்க மாட்டாங்க."

நியாயப்படி எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அப்படி ஒரு சந்தோஷம். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் சத்தியமாக, சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. அது என்னை விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். பெற்ற மகளுக்குக்கூடக் கொடுக்க மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு போன் செய்தேன். "எடுக்க மாட்டேன்னுட்டாங்கடி. தீப்பிடிக்கிற சரக்காம்."

அந்த ஷெட்டில் வளர்ந்த பெண். அவளுக்குத் தெரியாத வகையா?

"பரவாயில்லம்மா, உன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். "ஆனா தினம் தினம் தொறந்து மோந்து பார்க்காத. வாசனை பறந்துடும்."

அப்போது டின் என் மடியில் இருந்தது. மூடி என் கையில் இருந்தது.