சாவகச்சேரிக்குப் போன சின்ன எஞ்சின்

யாழ்ப்பாணம் ஸ்டேசன் யார்டில் பெட்டிகளை இடம் மாற்றும் சின்ன எஞ்சினுக்கு நான் டிரைவராக இருந்தேன். டிரைவர் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். கொஞ்சத் தூரம் முன்னுக்கு, அதே தூரம் பின்னுக்கு. புகையிலைச் சிப்பம் ஏற்றிய பெட்டியை ஒரு தண்டவாளத்திலிருந்து எடுத்து மற்றதில் விடவேண்டும், அரிசிப் பெட்டியைச் சரக்கு இறக்கும் குட்ஸ் செட்டடிக்குத் தள்ளவேண்டும். கொழும்பு மெயில் வரும், போகும். நான் அங்கேயே நிற்பேன்.

"படிச்சுப்போட்டுச் செக்குத்தானே சுத்துறாய்?" என்று புத்தூர் வீட்டில் என் ஐயா கேட்டது நாளெல்லாம் காதில் குடையும். மெயில் ஓட்ட மாற்றம் கேட்டுக் கேட்டுக் களைத்துப் போயிருந்தேன்.

எஞ்சினுக்குக் கரி போடுபவர் குருநகர்க்காரர், என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன். வாலிபத்தில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர். என்னுடைய அந்தரம் அவருக்கு விளங்காது.

"போய்த் திரும்பி வாற தூரம் போதும் தம்பி" என்பார்.

ஓர் ஆனி மாதக் காலையில் ஸ்டேசன் மாஸ்டர் ஓடிவந்தார்.

"மெயில் எஞ்சின் பழுதாகிச் சாவகச்சேரியிலை நிக்குது. வேறை எஞ்சின் இல்லை. நீர்தான் போய் இழுத்து வரவேணும்."

அவர் சொல்லி முடிக்கமுன் நான் எஞ்சினில் ஏறிவிட்டேன். நாவற்குழிப் பாலத்தில் கடற்காற்று முகத்தில் அடித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். எஞ்சின் கிடுகிடுவென்று ஆடியது.

"மெல்ல விடுங்கோ, கழண்டு விழப்போகுது" என்றார் அண்ணை.

சாவகச்சேரியில் முழு வண்டியையும் எங்களால் அசைக்க முடியவில்லை. முன்பெட்டிகளை மட்டும் கழற்றிப் பூட்டினோம். அவற்றில் ஒன்றில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் இருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் யன்னலால் தலையை நீட்டினார்.

"தம்பி, நல்லூரிலை முகூர்த்தம். கெதியா விடும்!"

கெதியாக விட நினைக்க, சில்லுகள் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழன்றன. தண்டவாளத்தில் மணல் போட்டுப் போட்டுத்தான் நகர்ந்தோம். அந்தப் போராட்டத்தில் நீராவி வீணாகிக்கொண்டே போனது. நாவற்குழிக்கு வருமுன் தாங்கியில் தண்ணீர் முடிந்துவிட்டது. அதற்குமேல் ஓட்டினால் கொதிகலன் எரிந்துவிடும். நிறுத்தினேன். சனங்கள் இறங்கிச் சத்தம் போட்டார்கள்.

கொஞ்சம் தள்ளி ஒரு வெங்காயத் தோட்டமும் துலாக் கிணறும் தெரிந்தன. அண்ணை இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தோட்டக்காரர் வரம்பில் நின்று மறிப்பதைக் கண்டு நானும் ஓடினேன்.

"நீர் எவடம்?" என்று அவர் அண்ணையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"குருநகர்."

"கிணத்தைத் தொடாதையும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீர்?"

புத்தூர் என்றேன். ஆரின்ரை மகன் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

"அப்ப நீர் அள்ளும்."

நான் தோட்டக்காரருக்கு முன்னால் போய் நின்றேன். "ஆர் அள்ளினாலும் தண்ணி எஞ்சின்ரை வயித்துக்குள்ளைதானே போகப்போகுது? அதை ஆரும் குடிக்கப்போகினமோ?"

"எஞ்சின் குடிக்கட்டும். கிணத்திலை நாங்கள் குடிக்கிறம்" என்றார் அவர்.

மாப்பிள்ளையின் தகப்பன் மூச்சு வாங்க வந்துசேர்ந்தார். "அவரோடை சண்டைக்குக் கொழுவாதையும் தம்பி, நேரம் போகுது."

அண்ணை வாளிகளை என் காலடியில் வைத்தார். "நீங்கள் அள்ளுங்கோ. நான் நெருப்பைப் பாக்கிறன்" என்று சொல்லித் திரும்பி நடந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் அள்ளினேன். பயணிகள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றினார்கள். வரிசையின் முடிவில் நின்றவர் வாளியை எஞ்சின் படியில் வைத்துவிட்டு ஒதுங்குவதும், தாங்கிக்கு மேல் நின்ற அண்ணை குனிந்து அதை எடுப்பதும் கிணற்றடியிலிருந்தே தெரிந்தது. திடீரென்று மாப்பிள்ளை அந்த மனிதரை விலக்கிவிட்டுத் தான் அந்த இடத்தில் நின்றான். வாளியை நேரே அண்ணையின் கையில் கொடுத்தான்.

"பட்டு வேட்டி நனையுது!" என்று தகப்பன் கத்தினார்.

"காயும்" என்றான் அவன்.

யாழ்ப்பாணம் வந்ததும் அவர்கள் கார் பிடித்துப் பறந்தார்கள். முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தார்களோ தெரியாது.

"அந்தத் தோட்டக்காரனுக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் வந்திட்டியள், அண்ணை" என்றேன்.

"சொன்னால் தண்ணி தந்திருப்பானோ?"

அன்று முழுவதும் அவர் தேவையில்லாமல் கரியை அள்ளி அள்ளிப் போட்டார். எஞ்சின் நின்ற நேரமெல்லாம் இறங்கித் தண்டவாளத்தோடு நடந்தார்.

கொஞ்ச நாளில் அவரும் மாற்றம் கேட்டார். எனக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைத்தது. அனுராதபுரம்.

"உங்களுக்கு யார்டுதானே போதும் எண்டனீங்கள்?"

"அங்கை எவடம் எண்டு கேட்டால், யாழ்ப்பாணம் எண்டு சொல்லலாம். அதுக்கு மேலை ஒருத்தரும் கேளாயினம்" என்றார்.

அவர் போன வண்டியின் பெட்டிகளை நான்தான் மேடைக்குத் தள்ளிக் கொடுத்தேன்.

யுத்தம் தொடங்கிய பிறகு எனக்கும் மெயில் ஓட்ட மாற்றம் வந்தது. ஒருமுறை அனுராதபுரத்தில் அவர் குவாட்டர்ஸைத் தேடிப் போனேன். தலை நரைத்திருந்தது. அவரும் டிரைவராகி இருந்தார்.

"இருங்கோ தம்பி" என்று கதிரையை இழுத்துப் போட்டார். என் வண்டி புறப்பட நின்றது. அவர் மனைவி தந்த தேத்தண்ணியை நின்றபடியே குடித்தேன். அவரும் இருக்காமல், அன்று தண்டவாளத்தோடு நடந்த மாதிரியே, வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே கதைத்தார்.