அம்மாவுக்கு வழி தெரிந்த மலை

வேலை இல்லாமலும் மலைக்குப் போகலாம் என்று எனக்குத் தெரியவந்தது நான்காம் வகுப்புப் படிக்கும்போதுதான். அதுவரை எங்கள் ஊரான தேவாரத்தில் நான் பார்த்தவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு காரியமாகத்தான் மேலே போனார்கள். விடிவதற்கு முன்பே பெண்கள் தூக்குவாளியோடு ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலக்காட்டு வேலைக்குப் போவார்கள். பொழுது சாயும்போது அதே ஜீப்புகளில் திரும்புவார்கள். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் அதற்குப் பின்னால் மலைதான் தெரியும். ஆனாலும் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. அப்பாவுக்கு உரக்கடை. அம்மாவுக்கு வீடு. மலைக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்றே நினைத்திருந்தேன்.

அப்போதுதான் சித்தப்பா பெங்களூரிலிருந்து அந்தப் பையோடு வந்தார். முதுகு மொத்தத்தையும் மறைத்துத் தலைக்கு மேலும் ஒரு சாண் நிற்கும் பை. தோளுக்கு இரண்டு பட்டை, நெஞ்சுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று. உள்ளே கூடாரம், அடுப்பு, படுக்கை எல்லாம் இருப்பதாகச் சொன்னார். அவருடைய ஆபீஸில் மாதாமாதம் இப்படிக் கூட்டமாகக் கிளம்பி ஏதாவது ஒரு மலையில் ஏறுவார்களாம். மலையடிவாரத்தில் பிறந்தவர் மலையேறுவதைப் பெங்களூருக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்திருந்தார். இப்போது சொந்த ஊர் மலையிலேயே ஏறிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

அவரைப் பார்ப்பதற்காக ஜெயமங்கலத்திலிருந்து அத்தையும் வந்திருந்தாள். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். தாயில்லாத தம்பிகள் இரண்டு பேரையும் வளர்த்து ஆளாக்கியவள் என்பதால், அவள் வாக்கை மீறி எங்கள் வீட்டில் எதுவும் நடக்காது. பையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அவள் கேட்டாள்:

“ஏலே, வேலைய விட்டுட்டியா?”

“இல்லக்கா. லீவு போட்டுருக்கேன்.”

“லீவு போட்டா வீட்டுல படுத்துத் தூங்கணும். மலைல உனக்கு என்ன சோலி?”

“சோலி ஒண்ணுமில்லக்கா. சும்மா ஏறி இறங்குனா மனசு லேசாகும்.”

அப்பா பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தார். “பதினஞ்சு கிலோவைச் சுமந்துக்கிட்டு ஏறுனா எப்படிடா லேசாகும்?” என்றார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

நானும் போவேன் என்று அடம் பிடித்தேன். பெண்பிள்ளையை வழி தெரியாதவனோடு அனுப்ப முடியாது என்று அத்தை சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அடுப்படியிலிருந்து அம்மா, “நான் கூடப் போயிட்டு வாரேன்” என்றாள். எதற்கும் இரண்டு முறை யோசித்துப் பதில் சொல்கிறவள் அவள். அன்று கல்லில் கிடந்த தோசையைக்கூடத் திருப்பாமல் சொன்னாள். அது கருகிப்போனது.

வனத்துறையில் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை மெட்டுப்பாதையில் ஏறினோம். ஜீப் ரோடு வருவதற்கு முன்னால் மேலே போவதற்கு இருந்த ஒற்றையடிப் பாதை அது. சித்தப்பா பளபளக்கும் ஷூ போட்டிருந்தார். அம்மா ரப்பர் செருப்புதான். ஒரு துணியில் உப்பை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். “எதுக்கு மதினி, மாங்காய்க்கா?” என்று சித்தப்பா சிரித்தார்.

முதல் ஒரு மணி நேரம் சித்தப்பாதான் முன்னால் போனார். செல்போனில் பாதையைப் பார்த்துப் பார்த்து நடந்தார். ஓடை ஒன்றைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. போனில் சிக்னல் போய்விட்டது. அவர் இடது பக்கம் திரும்பினார்.

“தம்பி, அது தண்ணி எடுக்கப் போற வழி. இங்கன வாங்க” என்றாள் அம்மா.

“உங்களுக்கு எப்படித் தெரியும் மதினி?”

“பாத்தாலே தெரியுதுல்ல.”

எனக்கு இரண்டு வழியும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. சித்தப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவர் இடது பக்கமே போனார். கால் மணி நேரத்தில் பாதை ஒரு பாறையில் முட்டி நின்றது. கீழே தண்ணீர் தேங்கிக் கிடந்தது. திரும்பும்போது ஈரப்பாறையில் கால் வழுக்கி, பையின் கனம் இழுக்க, சித்தப்பா மல்லாந்து விழுந்தார். எழுந்திருக்க முயன்று முகத்தைச் சுளித்தார். கணுக்கால் எங்கள் கண் முன்னாலேயே வீங்கியது. போதாததற்கு ஷூவுக்குள் அட்டை வேறு. அம்மா உப்பை ஈரம் தொட்டு வைத்ததும் அட்டை சுருண்டு விழுந்தது. சித்தப்பா இப்போது சிரிக்கவில்லை.

கீழே இறங்குவதுதான் நல்லது என்றார் அவர். அம்மா ஏற்றத்தையும் இறக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “இந்தக் காலோட இறக்கத்துல போக முடியாது. மேல முக்கா மணி நேரந்தான். அங்கன டீக்கடை இருக்கு, ஜீப் கிடைக்கும்” என்றாள். பிறகு பையை எடுத்தாள். முதலில் தலைக்குத் தூக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, தோளில் மாட்டிக்கொண்டு பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். இடுப்புப் பட்டையைப் பூட்டியதும் ஒரு குலுக்குக் குலுக்கி நிமிர்ந்து நின்றாள்.

“கனமே தெரியல. இப்படி ஒரு சாமான் அப்பவே இருந்திருந்தா…” என்றாள்.

“எப்பம்மா?” என்று கேட்டேன்.

“பாத்து நட” என்றாள்.

சித்தப்பா ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்தார். நான் நடுவில். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்காமல், எந்த இடத்திலும் நின்று யோசிக்காமல் ஏறினாள். மாடிப்படி ஏறினாலே முழங்கால் வலிக்கிறது என்பாள். அந்த முழங்கால் எங்கே போனது என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. ஒரு வளைவில் அவள் கண்ணுக்கு மறைந்துவிட்டாள். இரண்டு நிமிடம்கூட இருக்காது. அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், ஒரு பெரிய பாறையில் கையை வைத்துக்கொண்டு, கீழே விரிந்து கிடந்த ஊர்களைப் பார்த்து நின்றிருந்தாள். நான் அழுதுகொண்டு வந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. அந்த முகத்தை நான் வீட்டில் பார்த்ததே இல்லை. வேறு யாரோ ஒருத்தியின் அம்மா மாதிரி இருந்தாள்.

மேலே கேரள எல்லையில் ஒரு தகரக் கொட்டகை டீக்கடை. கடைக்கார அம்மா அடுப்பிலிருந்து நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அம்மாவையே உற்றுப் பார்த்தவர், “எத்தர காலமாயி மோளே” என்று அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அம்மா மலையாளத்தில் பதில் சொன்னாள். ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை அல்ல. கடகடவென்று, சிரித்துக்கொண்டே, டீ ஆறும்வரை பேசினாள். என் அம்மாவுக்கு இன்னொரு பாஷை தெரியும்! சித்தப்பா டீயைக் குடித்துக்கொண்டே அம்மாவையும் அந்தப் பெண்மணியையும் பார்த்தபடி இருந்தார்.

ஜீப் பிடித்து விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அம்மாவைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ள எனக்கு அதுவரை ஒரு சந்தர்ப்பமும் வாய்த்ததில்லை. சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அம்மாவுக்கு எல்லா வழியும் தெரியும். அம்மாதான் பையைத் தூக்கியது. டீக்கடையில் அம்மாவை எல்லாருக்கும் தெரியும். அம்மா மலையாளம் பேசும்.

யாரும் சிரிக்கவில்லை. அத்தையின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

“கல்யாணம் பேசுறப்ப ஆஸ்டல்ல தங்கிப் படிச்ச பொண்ணுன்னு சொன்னாகளே” என்றாள் அத்தை, யாரையும் பார்க்காமல்.

சித்தப்பா, “விடுக்கா, அதெல்லாம் எதுக்கு இப்ப” என்று ஆரம்பித்தார். அம்மா குறுக்கிட்டாள். ரசப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள்:

“ஆஸ்டல் எல்லாம் இல்ல. ஆறு வருசம் ஏலக்காட்டுல வேலை பாத்தேன். திங்கக்கிழமை அரிசி மூட்டையோட ஏறுனா சனிக்கிழமை இறங்குவேன். எங்கப்பாதான் அப்படிச் சொல்லி வச்சாக. நானும் வாயத் தொறக்கல.”

அம்மாவின் அப்பா, என் தாத்தா, நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர். அத்தை பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். “கூலிக்குப் போன பொண்ணுன்னு தெரிஞ்சிருந்தா…” என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்தி, அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையைத் தூக்கவே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அத்தை ஜெயமங்கலம் போய்விட்டாள். காலில் கட்டோடு சித்தப்பாவும் பெங்களூர் கிளம்பினார். “மதினி, பை இங்கயே இருக்கட்டும்” என்று மட்டும் சொன்னார். அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை. கடைச் சாவி, காபி, என் பள்ளிக்கூட பஸ் எல்லாமே என் மூலமாகத்தான் நடந்தன. ‘அப்பாட்ட சொல்லு’, ‘அம்மாட்ட கேளு.’

நான் மிகவும் குழம்பிப்போனேன். யோசித்து யோசித்து, தப்பு மலையாளத்தில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். தமிழ் வீட்டில் மலையாளம் தெரிந்திருப்பது ஏதோ பெரிய குற்றம் போலிருக்கிறது. எங்கள் தெருவுக்குப் பலாப்பழம் விற்க வரும் மலையாளியை நினைத்துக் கவலையாகக்கூட இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா அந்தப் பையில் தண்ணீரும் புளிச்சோறும் எடுத்து வைத்துக்கொண்டாள். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது அப்பா ஸ்கூட்டரை எடுத்தார். நான் முன்னால் நின்றுகொண்டேன், அம்மா பின்னால் ஏறிக்கொண்டாள். மலையடி வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே இறங்கியதும் அப்பா சட்டைப் பையிலிருந்து வனத்துறை அனுமதிச் சீட்டை எடுத்து நீட்டினார். அதில் அம்மாவின் பெயர் எழுதியிருந்தது. அம்மா அதை வாங்கிப் படித்தாள். மடித்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டாள்.

“சாயங்காலம் ஜீப் நிக்கிற இடத்துல நிப்பேன்” என்றார் அப்பா.

அம்மா தலையாட்டிவிட்டு ஏறத் தொடங்கினாள். அவள் மறைந்த பிறகும் அப்பா கிளம்பவில்லை.

“அம்மா மேல கோவமாப்பா?” என்று கேட்டேன்.

“இல்ல.” பெரிய ஆளிடம் பேசுவது போல என்னிடம் சொன்னார்: “சனிக்கிழமை அந்தக் கூட்டம் இறங்கி வரும்போது நான் கடையில உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். தலையில மூட்டையோட உங்கம்மாவும் வரும். அக்கா ஒத்துக்கிறாதுன்னு ஆஸ்டல்னு சொன்னது நான்தான். உங்க தாத்தாவுக்கு அது தெரியவே தெரியாது.”

“அப்பறம் ஏன் அம்மா தாத்தான்னு சொல்லுச்சு?”

அப்பா ஸ்கூட்டரை உதைத்தார்.

நாள் முழுக்க யோசித்தேன். பல வருடமாகிவிட்டதால் அம்மாவுக்கு மறந்துபோயிருக்கும் என்று தோன்றியது. சாயங்காலம் அவள் ஜீப்பிலிருந்து இறங்கியதும், முகம் கழுவக்கூட விடாமல், “அம்மா, நீ அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்ட. ஆஸ்டல்னு சொன்னது தாத்தா இல்ல, அப்பா” என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

“சொல்லிட்டீகளா?” என்றாள்.

அப்பா பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். வீடு வரும் வரைக்கும் இருவரும் மேலே மழை பெய்ததா, டீக்கடை அம்மா எப்படி இருக்கிறார் என்று ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார்கள். அவ்வளவு பெரிய தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறேன், ஒருத்தரும் என்னைப் பாராட்டவில்லையே என்பதுதான் வழியெல்லாம் எனக்கு வருத்தமாக இருந்தது.